குப்பியா, குழித்தட்டா, பையா?

குருவிகுளம், சங்கரன்கோவில் பக்கம் பூச்செடி என்றால் மல்லியும் பிச்சியும்தான். தண்டுத்துண்டிலும் பதியத்திலும் வருபவை. முதல் நாளிலிருந்தே வெயில் தெரிந்தவை. ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் உருவான ஆந்தூரியம், டென்ட்ரோபியம் ஆர்க்கிட், ஜெர்பரா கன்றுகள் அப்படியல்ல. குப்பியிலா, குழித்தட்டிலா, பையிலா, எந்த வளர்ச்சிக் கட்டத்தில் அவற்றை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே அவை பிழைக்கும்.

ஆய்வகத்தில் அவை வளரும் குப்பிக்குள் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். சர்க்கரை, கன்று வளரும் அகர் கூழிலேயே கிடைப்பதால் இலைக்கு உணவு தயாரிக்கும் வேலை அதிகமில்லை. இலைமேல் மெழுகுப் படலம் மெலிது, இலைத்துளைகளும் சரியாக மூடாது, வேர்த்தூவிகளும் குறைவு. மூடியைத் திறந்து வெளிக்காற்றில் வைத்தால் சில மணி நேரத்தில் துவண்டுவிடும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து நம் காட்டில் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த இரண்டு மாதமும் குப்பிக் கன்று பக்கமே போகாதீர்கள்.

குப்பியாக வாங்கினால் விலை மலிவு, பாடு அதிகம். வெதுவெதுப்பான நீரில் அகரைத் துளியும் மிச்சமின்றிக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் சர்க்கரையில்தான் பூஞ்சை பிடிக்கும். பிறகு லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் கலந்த நீரில் நனைத்து, உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க்கழிவும் பெர்லைட்டும் நிரப்பிய குழித்தட்டில் நட்டு, நிழல்வலைக்கு அடியில் பாலித்தீன் கூடாரம் போட்டு மூட வேண்டும். நேர்வெயில் பட்டால் உள்ளே கன்று வெந்துவிடும். முதல் வாரம் மூடியே இருக்கட்டும். அதன்பின் தினமும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, 4 முதல் 6 வாரத்தில் வெளிக்காற்றுக்குப் பழக்கலாம். அதுவரை பகலில் பலமுறை பனிபோல நீர் தெளிக்க ஆள் வேண்டும். கன்று விற்கும் நர்சரிக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

முதல்கட்டம் தேறிய குழித்தட்டுக் கன்று நடுவழி. குப்பிக்குள் விட்ட பழைய இலை பெரிதாக உதவாது. வெளியே வந்தபின் விட்ட புது இலை இரண்டு மூன்றாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 50 சதவீத நிழல்வலையில் இன்னும் ஒரு மாதமாவது வைக்க வேண்டும். போர்த் தண்ணீர் உப்பென்றால் பிடித்துவைத்த மழைநீரை ஊற்றுங்கள்.

குழித்தட்டிலிருந்து பைக்கு மாற்றி வளர்த்த பைக் கன்று விலை கூடுதல்தான். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். வேர் பையின் அடிவரை இறங்கியிருந்தால் பயமில்லை.

செடியிலும் தேர்வு உண்டு. ஜெர்பராவுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். ஓசூருக்கும் நீலகிரிக்கும் சரி, நமக்குச் சரிப்படாது. ஆந்தூரியம் அடர்ந்த நிழலும் ஈரக்காற்றும் கேட்கும். நம் வெக்கைக்கு ஓரளவு தாக்குப்பிடிப்பது டென்ட்ரோபியம். அதையும் மண்ணில் நடாமல் கரித்துண்டிலும் ஓட்டுச்சில்லிலும் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் டென்ட்ரோபியம் பைக் கன்றில் ஆரம்பியுங்கள். அது நிலைத்தபின் அடுத்த ஆண்டு குழித்தட்டுக்கு வரலாம்.