டிபன் பாக்ஸ்: ஏழு மணி நம்பிக்கைகளும் பன்னிரண்டரை மணி உண்மைகளும்

காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நின்று பார்த்தால் எல்லா டிபன் பாக்ஸும் நன்றாகத்தான் இருக்கும். சாதத்தில் ஆவி பறக்கும், தாளிப்பு மணக்கும், வறுவல் மொறுமொறுவென்று இருக்கும். ஆனால் பிள்ளை அதைத் திறப்பது பன்னிரண்டரை மணிக்கு. அதற்குள் அந்தச் சாப்பாடு வேனில் குலுங்கி, வெயிலில் வெந்து, புத்தகப் பைக்குள் ஐந்து மணி நேரம் அடைபட்டுக் கிடந்திருக்கும். சாப்பிடக் கிடைப்பதோ இருபது, முப்பது நிமிடம். கை கழுவும் குழாயடியில் வரிசை வேறு.

பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி வீடுகளில் உலவும் தவறான நம்பிக்கைகள் பலவும் இந்த ஐந்து மணி நேரத்தை மறந்ததால் வந்தவை. அடிக்கடி காதில் விழுபவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: சுடச்சுடப் போட்டு இறுக்கி மூடிவிட்டால் மதியம் வரை கெடாது.

உண்மை: சாதாரண எவர்சில்வர் டப்பாவில் சூடு மதியம் வரை நிற்காது. சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிடும். கிருமிகளுக்குப் பிடித்தது அந்த வெதுவெதுப்புதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பத்தை உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆபத்தான எல்லை என்கிறார்கள். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலை கொதித்தாலும் சாவதில்லை. ஈரமும் இளஞ்சூடும் கிடைத்ததும் முளைத்துப் பெருகுகின்றன. வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு சோற்றில் இறங்கிவிட்டால், மறுபடி சூடுபண்ணினாலும் போகாது.

அதனால் டப்பாவுக்கு அன்று காலையில் வடித்த சோறுதான் வேண்டும். இரவு முழுக்க மேடைமேல் கிடந்த சோற்றைத் தாளித்துக் கட்டக் கூடாது. சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியபின் கலந்து கட்டுங்கள். மூடிக்கு அடியில் நீர் கோத்துச் சொட்டிச் சாதம் நசநசவென்று ஆவது இதில் பாதி குறைந்துவிடும். ஹாட் பாக்ஸ் என்றால் முறையே வேறு. முதலில் கொதிக்கும் நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாப்பாட்டைப் போட்டு மூட வேண்டும். அரைச் சூட்டில் இருப்பதை ஹாட் பாக்ஸில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அது கிருமிக்குச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளும்.

புளிப்பு கிருமியின் வேகத்தைக் குறைக்கும். பயணத்துக்குப் புளியோதரை கட்டிய பழக்கத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஈரமான தேங்காய்க்கு அந்தக் காவல் இல்லை. சித்திரை, வைகாசி வெயில் நாட்களில் தேங்காய் சாதமும் தேங்காய்ச் சட்னியும் மதியம் வரை தாங்காது. இட்லிக்குச் சட்னி வைப்பதைவிட, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியை இரண்டு பக்கமும் தடவிவிடுங்கள். இட்லியும் காயாது, கையிலும் ஒழுகாது.

நம்பிக்கை 2: தயிர் சாதமும் வாழைப்பழமும் கொடுத்தால் சளி பிடிக்கும்.

உண்மை: சளி பிடிப்பது வைரஸால். இருமல், தும்மல், தொட்ட கை வழியாக அது பரவுகிறது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தால் பத்துப் பேருக்கு வருவதற்குக் காரணம் பக்கத்தில் உட்கார்ந்ததுதான், டப்பாவில் இருந்த தயிர் இல்லை. ஒவ்வாமை என்று மருத்துவர் சொல்லியிருக்கும் பிள்ளையின் கதை வேறு. மற்றவர்களுக்குத் தயிரை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்தும் புரதமும்தான் குறையும்.

தயிர் சாதத்தின் உண்மையான சிக்கல், மதியத்துக்குள் அது புளித்துவிடுவது. அதற்கு வழி இருக்கிறது. சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, ஆறவிடுங்கள். காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துக் கலந்து மூடுங்கள். டப்பாவுக்குள்ளேயே அது உறைந்து, மதியம் புதுத் தயிர் சாதமாக இருக்கும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாம். மேலே நாலு மாதுளை முத்து போட்டால் பிள்ளைக்குக் கண்ணும் நிறையும். வாழைப்பழத்தை நறுக்கி வைத்தால் கறுத்துவிடும். ஏலக்கி மாதிரிச் சின்னப் பழத்தைத் தோலோடு வையுங்கள்.

நம்பிக்கை 3: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல்: முழுச் சாப்பாடு.

உண்மை: வயிறு நிறையும், சத்து நிறையாது. சாதமும் மாவுச்சத்து, கிழங்கும் மாவுச்சத்து. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 23 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவு. மதியத்தின் பங்கு அதில் மூன்றில் ஒன்று என்று வைத்தால், எட்டு கிராம். ஐம்பது கிராம் அரிசியில் வடித்த சாதத்தில் கிடைப்பது நாலு கிராம்தான். கிழங்கு ஒரு கிராம்கூடத் தேறாது. அதே சாதத்தில் இருபது கிராம் வறுத்த வேர்க்கடலையைப் போட்டால் இன்னும் ஐந்து கிராம் சேர்ந்து கணக்கு நேராகிவிடும். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பிலும் பயறிலும் நிறைய இருக்கிறது. சாம்பார் சாதத்துக்கும் சுண்டலுக்கும் நம் சாப்பாட்டில் அவ்வளவு இடம் இருப்பதன் நியாயம் இதுதான்.

இந்தக் கணக்கை அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடம் முன்பே போட்டுவிட்டது. அங்கே கலவை சாதப் பட்டியலில் கறுப்புக் கொண்டைக்கடலை புலாவ் உண்டு, மீல்மேக்கர் காய்கறி சாதம் உண்டு. எலுமிச்சை சாதம் என்றால் கூடவே சுண்டல் உண்டு. கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளையின் டப்பாவில் சாதமும் சிப்ஸும் இருக்கும்போது, சத்துணவுத் தட்டில் பயறும் முட்டையும் இருக்கின்றன. பட்டியலைக் கடன் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எலுமிச்சைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே சுண்டலின் மேல் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவது ருசிக்கு மட்டும் அல்ல. சூட்டில் வைட்டமின் சி வீணாகும் என்பதால், அடுப்பை அணைத்து ஆறியபின் பிழியுங்கள்.

நம்பிக்கை 4: முட்டை சூடு. வெயில் காலத்தில் கொடுக்கக் கூடாது.

உண்மை: முட்டை சாப்பிடுவதால் உடல் வெப்பம் ஏறிக் காய்ச்சலோ கட்டியோ வருவதில்லை. சத்துணவுத் திட்டத்தில் 1989-ல் முட்டை சேர்ந்தது. இன்று பள்ளி நாள்தோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைச் சாப்பிடுகிறார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. மஞ்சள் கருவில் வைட்டமின் ஏ-யும் டி-யும் இருக்கின்றன.

முட்டையின் தொந்தரவு அதன் வாடை. அடைத்த டப்பாவில் ஐந்து மணி நேரம் இருந்த முட்டையைத் திறந்தால் பக்கத்து பெஞ்சு மூக்கைப் பொத்தும். அந்த வெட்கத்தில் பிள்ளை டப்பாவையே திறக்காது. வெயிலில் அத்தனை நேரம் வைப்பதும் நல்லதில்லை. காலையில் தோசை மேலேயே உடைத்து ஊற்றிக் கொடுத்துவிடுங்கள். டப்பாவில் தாங்காததை வீட்டில் கொடுத்தால் முடிந்தது. எல்லாச் சத்தையும் மதியத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை 5: வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பழ ஜூஸ் எவ்வளவு கொடுத்தாலும் கெடுதல் இல்லை.

உண்மை: வெல்லமும் பெரும்பங்கு சர்க்கரையே. அதிலுள்ள தாதுக்களுக்காக அள்ளிப் போட்டால், தாதுவைவிடச் சர்க்கரைதான் பல மடங்கு உள்ளே போகும். கடலை மிட்டாய் ஒரு வில்லை நல்ல தின்பண்டம். கடலைதான் அதற்குக் காரணம்.

உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் சேர்த்தே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அது மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அட்டைப் பெட்டியில் வரும் 200 மில்லி பழ பானத்தில் பெரும்பாலும் 20 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருக்கும். சிறு பிள்ளைக்கு அந்தக் கீழ் எல்லை அதிலேயே தீர்ந்துவிடும். '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை லேபிளிலிருந்து நீக்கச் சொல்லி, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. ஸ்நாக்ஸ் டப்பாவில் ஒரு கொய்யா போதும். தண்ணீர் பாட்டிலில் தண்ணீர்தான் இருக்க வேண்டும்.

பிரவுன் பிரட்டும் இந்த வகைதான். நிறத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் திருப்புங்கள். சேர்பொருட்களை எடை அதிகமானது முதலில் வரும்படிதான் அச்சிடுவார்கள். முதலில் மைதா என்றிருந்தால் அது மைதா பிரட்டுதான்.

நம்பிக்கை 6: மிச்சம் கொண்டு வந்தால் அடம். பூ மாதிரி, பொம்மை மாதிரி வெட்டி வைத்தால் சாப்பிட்டுவிடும்.

உண்மை: பல நாள் காரணம் மூடிதான். நாலு பக்கமும் கிளிப் போட்ட டப்பாவை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் திறக்க முடிவதில்லை. டீச்சரிடம் கேட்கக் கூச்சம். சப்பாத்தி விறைத்திருக்கும், பிய்க்க வராது. குருமா ஒழுகியிருக்கும். சீருடையில் கறை பட்டால் வீட்டில் திட்டு விழும். மென்று முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். புதிய டப்பாவை வாங்கியதும் பிள்ளையிடமே கொடுத்துத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். சப்பாத்தியைச் சுருட்டி இரண்டாக வெட்டி வையுங்கள். வெள்ளரியை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். ஸ்பூன் மறக்காதீர்கள்.

அளவையும் குறைக்க வேண்டும். நம் பசிக்குத் திணித்த டப்பாவைப் பார்த்தவுடனேயே பிள்ளைக்கு மலைப்பு வரும். புதுக் காயை முதல்முறை ஒதுக்குவது பிள்ளைகளின் இயல்பு. பத்து முறைக்கு மேல்கூடக் கண்ணில் பட்ட பிறகே சிலர் ருசி பார்ப்பார்கள். அதற்கு வீட்டுத் தட்டுதான் இடம். பழகாத பண்டத்தை ஞாயிற்றுக்கிழமை அறிமுகம் செய்யுங்கள். டப்பாவில் பழகியதை மட்டும் வையுங்கள். பொம்மை வெட்ட நேரமிருந்தால் வெட்டுங்கள், தவறில்லை. நேரமில்லாத தாயோ தந்தையோ அதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

நல்ல டிபன் பாக்ஸுக்கு விலை உயர்ந்த பொருள் தேவையில்லை. சாதமோ இட்லியோ ராகி அடையோ ஒன்று, பயறோ கடலையோ தயிரோ ஒன்று, ஒரு காய், ஒரு பழம். ஒரு நாள் ஒன்று குறைந்தால் மறுநாள் ஈடுகட்டலாம். வாரக் கணக்குதான் கணக்கு. எது சரிப்படும் என்று சந்தேகம் வந்தால், பிள்ளைக்குக் கட்டும்போதே உங்களுக்கும் ஒரு டப்பா அதே மாதிரிக் கட்டி வையுங்கள். பன்னிரண்டரைக்குத் திறந்து, சூடுபண்ணாமல், இருபது நிமிடத்தில் சாப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு இறங்காததைப் பிள்ளைக்குக் கட்டாதீர்கள்.