முதல்முறை தொடுபவருக்காக

செயலியின் எளிமை என்றதும் பெரிய பொத்தான், பெரிய எழுத்து என்றே பலரும் நினைக்கிறார்கள். அவையும் வேண்டும். அதற்கு முன்பே, பயனரிடம் எதையெல்லாம் கேட்காமல் விடலாம் என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கு நல்ல பாடம் சிங்கப்பூரின் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு, அதாவது சிடிசி வவுச்சர்.

2021 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு 100 வெள்ளிப் பற்றுச்சீட்டு மின்னிலக்க வடிவில் வந்தது. தனிச் செயலி எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் சிங்பாஸ்வழி ஒருமுறை பெற்றால் போதும். குறுஞ்செய்தியில் இணைப்பு வரும். அதை வீட்டார் அனைவருக்கும் அனுப்பலாம்.

தெம்பனிசில் தங்கிப் படிக்கும் நான், உணவங்காடி நிலையத்தில் இதைக் கவனித்திருக்கிறேன். பாட்டி ஒருவர் இணைப்பைத் திறந்து, 2, 5, 10 வெள்ளிச் சீட்டுகளில் வேண்டியதைத் தொடுகிறார். திரையில் கியூஆர் குறியீடு தோன்றுகிறது. அதை வருடுபவர் கடைக்காரர். சிரமமான வேலை, அதைத் தினமும் செய்து பழகியவரிடம் விடப்பட்டிருக்கிறது. கைப்பேசி இல்லாதவருக்குச் சமூக மன்றத்தில் தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசியப் பள்ளிக்குப் போனவன் நான். கேள்வி புரியாதபோது முதலில் குறைவது தைரியம்தான் என்பதை அங்கே அறிந்தேன். முதல்முறையே தடுமாறினால், அடுத்த முறை அந்தப் பாட்டி பேரனிடம் கைப்பேசியைக் கொடுத்துவிடுவார். தம் பணத்தைத் தாமே செலவழிப்பதும் அதோடு நின்றுபோகும்.

ஆகவே, இறுதியாண்டுத் திட்டப்பணியில் இறங்கும் தம்பி தங்கைகளே, ஒவ்வொரு திரையிலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தப் படியை நீக்க முடியுமா? முடியாவிட்டால், பழகிய வேறொருவர் செய்ய முடியுமா?