பிள்ளை பார்க்கும் நேரத்தை எழுதி வையுங்கள்
ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கு விடியுமுன் கிளம்பும் தாய்மார்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் சகோதரிகள் நம் கல்லாவியில் உண்டு. பஸ் தாமதமான நாட்களுக்குக் கூலி பாக்கி என்று அப்படி ஒருவர் எங்களிடம் வந்தார். தாய் இல்லையென்றார். இருவரிடமும் எழுத்து இல்லை; எங்களால் தீர்த்து வைக்க முடியவில்லை.

தவணைக் கடனை எழுதச் சொல்வதுதான் குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). தராத கூலியும் கடன்தானே! பிள்ளை வந்த நேரம், போன நேரம், வாங்கிய பணம், பால் பிஸ்கட் செலவு எல்லாம் அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை தாயிடம் கையெழுத்து வாங்குங்கள்.

வரிக்குப் பயந்து மறைக்க வேண்டாம். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி 4 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரியே இல்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே நோட்டாக வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் அலுவலகம் வந்தால் எழுதித் தருகிறோம்.