முப்பது எழுத்துகளைக் கற்றுக்கொண்டு கிளம்பு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. உன் கடிதம் வந்தது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில், ராய்ரங்பூரைச் சுற்றியுள்ள சந்தால் பழங்குடியினரின் ஊர்களில் பள்ளிக் குழந்தைகளுக்கான நூலகம் நடத்தும் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறாய் என்று படித்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அம்மா கவலைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளிடம் நான் பேசுகிறேன். என் வேலைக்காலம் முழுவதையும் ஜாம்ஷெட்பூரில் கழித்தவன் நான். டாடாநகரிலிருந்து பாதாம்பஹாருக்குப் போகும் ரயில் பாதையில்தான் ராய்ரங்பூர் இருக்கிறது. அந்த மக்களோடு பழகியிருக்கிறேன்.

கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. “இந்தப் பிள்ளைகள் படித்து வெளியே வந்தால் தங்கள் மொழியையும் மரபையும் விட்டுவிடுவார்கள். நான் புத்தகங்களோடு போய் அதை விரைவுபடுத்தப் போகிறேனோ?” என்று கேட்டிருந்தாய். நல்ல மனம் கேட்கும் கேள்விதான். ஆனால் மரபு ஒரு பக்கம் அசையாமல் நிற்கிறது, புதிய வாழ்க்கை எதிரிலிருந்து வந்து அதை இடிக்கிறது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு நீ ஊருக்குள் போக வேண்டாம். நீ போகிற மண்ணே அதை ஏற்காது.

ராய்ரங்பூருக்கு அருகில் தண்ட்போஸ் என்றொரு சிற்றூர். ரகுநாத் முர்மு 1905-இல் அங்கே பிறந்தார். ஒடியா வழியில் படித்தவர். தான் பேசும் மொழியில் ஏன் பாடம் இல்லை என்ற கேள்வி பள்ளி நாட்களிலேயே அவரை விடவில்லை என்பார்கள். 1925-இல் சந்தாலி மொழிக்கென்று அவர் ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். அதுதான் ஒல் சிக்கி. அப்போது அவருக்கு வயது இருபது, உன்னைவிட இளையவர். முப்பது எழுத்துகள், வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை. ஒவ்வொரு வரிசையும் ஓர் உயிரெழுத்தில் தொடங்கும். நம்முடையதைப் போல உயிர்மெய்க் குறிகள் கிடையாது. உயிரும் மெய்யும் தனித்தனியே, அடுத்தடுத்து எழுதப்படும். காளான், மலைமுகடு, பறக்கும் தேனீ என்று பழகிய பொருள்களிலிருந்து எழுத்துகளின் வடிவம் வந்ததாக அங்குள்ள ஆசிரியர்கள் விளக்குவார்கள். சொல்லின் இறுதியில் மூச்சை நிறுத்திப் பிடிக்கும் ஒலிகள் சந்தாலியில் உண்டு. வங்க எழுத்திலும் ஒடியா எழுத்திலும் அவற்றைச் சரியாகக் காட்ட முடியாமல் தடுமாறினார்கள். முர்மு அந்த ஒலிகளைக் காதில் வாங்கி எழுத்தமைத்தார்.

இன்று நீ அந்த ஊர்களுக்குப் போனால் ஒல் சிக்கியைக் கடைப்பலகையில் பார்ப்பாய், திருமண அழைப்பிதழில் பார்ப்பாய். முர்முவைக் ‘குரு கோம்கே’ என்று வணங்குவார்கள். அவருடைய சிலைகள் பல ஊர்களில் நிற்கின்றன. புத்த பூர்ணிமை அன்று அவர் பிறந்தநாளைக் கொண்டாடுவார்கள். அந்த எழுத்தைத் தங்கள் மரபின் நடுமுற்றமாகவே கருதுகிறார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அச்சும் பள்ளிக்கூடமும் வந்த பிறகு, அவை எழுப்பிய தேவைக்காக, ஓர் இளைஞர் உட்கார்ந்து செய்த வேலை அது. வயது நூறு ஆண்டுதான். நவீனம் வராதிருந்தால் அந்த மரபே பிறந்திருக்காது. இதை நீ நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்.

எழுத்தை உருவாக்கியதோடு அவர் நிற்கவில்லை என்பது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. அரிச்சுவடி எழுதினார், இலக்கணம் எழுதினார், கணக்குப் புத்தகம் எழுதினார். ‘பிது சந்தன்’ என்ற நாடகத்தில் காதலர் இருவர் இந்த எழுத்தின் வழியாகப் பேசிக்கொள்வதாக அமைத்தார். புதிய எழுத்துக்குப் பழைய கதையின் மரியாதை கிடைத்தது. கணக்கும் இலக்கணமும் அதற்கு அன்றாட வேலை கொடுத்தன. ஒரு மொழிக்கு இரண்டும் வேண்டும் என்று அந்தக் கிராமத்து ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கு முன்னால் சந்தாலி எழுதப்படவே இல்லை என்று நினைத்துவிடாதே. 19-ஆம் நூற்றாண்டிலேயே பாதிரிமார்கள் முதலில் வங்க எழுத்திலும் பிறகு ரோமன் எழுத்திலும் எழுதினார்கள். நார்வேக்காரரான ஸ்க்ரெஃப்ஸ்ருட் 1873-இல் இலக்கணம் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த பால் ஒலாஃப் போடிங் தொகுத்த ஐந்து தொகுதி அகராதி 1936-இல் நிறைவடைந்தது. இந்திய மொழிகளுக்கு அமைந்த சிறந்த அகராதிகளில் ஒன்றாக நான் அதை மதிக்கிறேன். கோலேயான் என்ற முதியவர் சொல்லச் சொல்ல, முன்னோர் கதைகளையும் சடங்குகளையும் ஸ்க்ரெஃப்ஸ்ருட் எழுதிக்கொண்டார். 1887-இல் அது நூலாக வந்தது. இன்றைக்கும் ஒரு சடங்கின் பொருள் என்ன என்று கேள்வி வந்தால் படித்த சந்தால்கள் அந்தப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். ஒரு பெரியவரின் நினைவு அச்சேறிப் பொது வழக்காகிவிட்டது. அச்சேறாத ஊர் வழக்குகள் எத்தனையோ இருந்திருக்கும். சொஹ்ராய்ப் பண்டிகையையே பார்: மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவிக் கொண்டாடும் அறுவடைத் திருநாள். சிங்பூம் பக்கத்தில் தீபாவளியை ஒட்டி வரும். சந்தால் பர்கானாவில் நம் பொங்கலை ஒட்டி வரும். எது உண்மையான சொஹ்ராய் என்று யாரிடமும் கேட்காதே.

ஆனால் ஒன்று. முன்னேற்றம் என்ற சொல்லை அங்கே கவனமாகப் பயன்படுத்து. அது அவர்களிடம் முதலில் வந்தது கடன் பத்திரமாகவும் நிலவரியாகவும்தான். 1855 ஜூன் 30 அன்று போக்னாதி கிராமத்தில் சித்து, கானு என்ற சகோதரர்கள் பல்லாயிரம் பேரைத் திரட்டி எழுந்ததற்கு அதுவே காரணம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அந்த எழுச்சியை இரத்தத்தில் அடக்கியது. 1907-இல் டாடா இரும்பாலை நிறுவனம் தொடங்கப்பட்டது; சாக்சி என்ற கிராமம் ஜாம்ஷெட்பூர் ஆனது. நிலக்கரிச் சுரங்கம், செப்புச் சுரங்கம், அசாம் தேயிலைத் தோட்டம் என்று குடும்பங்கள் பிரிந்து போயின. சாந்திநிகேதனுக்கு என்றாவது போனால் ராம்கிங்கர் பைஜின் ‘ஆலைச் சங்கு’ சிற்பத்தைப் பார். 1956-இல் சிமென்ட் கலவையில் செய்தது. அரிசி ஆலையின் சங்கு ஊதியதும் இரண்டு சந்தால் பெண்கள் ஓடுகிறார்கள்; ஈரப் புடவை காற்றில் உலர்கிறது, பின்னால் ஒரு சிறுவன். அந்த ஓட்டத்தில் உற்சாகமும் இருக்கிறது, நேரத்துக்குக் கட்டுப்பட்ட புதிய அடிமைத்தனமும் இருக்கிறது. நான் பார்த்த இரும்பு நகரமும் இரண்டும் சேர்ந்ததுதான். அதே நகரத்துக் கூலிப் பணத்தில் சங்கங்கள் நடந்தன, சந்தாலிப் பத்திரிகைகள் அச்சாயின, நாடகக் குழுக்கள் மேடையேறின.

மொழி எங்கே கைநழுவுகிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் சந்தால் குடும்பங்கள் இருந்தன. கணவனும் மனைவியும் சந்தாலியில் பேசிக்கொள்வார்கள்; பிள்ளையின் பக்கம் திரும்பியதும் இந்தி. ஊரிலிருந்து பாட்டி வந்தால் நடுவில் தாய் மொழிபெயர்ப்பாள். ஏன் இப்படி என்று கேட்டால் பள்ளிச் சேர்க்கை என்பார்கள், வகுப்பில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வதைச் சொல்வார்கள். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. தன் பிள்ளை தலைகுனியக் கூடாது என்று நினைப்பவர்களிடம் போய்ப் பண்பாட்டைக் காப்பாற்றச் சொல்வது எளிது. அந்தப் பிள்ளை தன் மொழியில் படித்தாலும் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்ற நிலையை உண்டாக்குவதுதான் கடினம். புதிய வாழ்க்கையில் அந்த மொழிக்கு ஒரு வேலை இருந்தால் அது வீட்டிலும் தங்கும். வேலை இல்லாத மொழியைப் பாசம் ஒன்றினால் இரண்டு தலைமுறைக்கு மேல் நிறுத்த முடியாது.

அந்த வேலைகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கின்றன. 2003-இல் இயற்றப்பட்ட 92-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சந்தாலியை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. சாகித்திய அகாதெமி விருது வந்தது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வைச் சந்தாலியில் எழுதலாம் என்ற நிலை வந்தது. தேவநாகரி, ஒல் சிக்கி எதிலும் எழுதலாம். 2008-இல் ஒருங்குறியில் ஒல் சிக்கி இடம்பெற்றதால் கைப்பேசியில் தட்டச்சு செய்ய வழி பிறந்தது. 2018-இல் சந்தாலி விக்கிப்பீடியா தொடங்கியது. ராய்ரங்பூரில் ஆசிரியராக இருந்து, அவ்வூர் நகர மன்றத்தில் பொதுவாழ்வைத் தொடங்கிய திரௌபதி முர்மு 2022-இல் குடியரசுத் தலைவரானபோது அந்தப் பகுதியில் எத்தனை அம்மாக்கள் தங்கள் மகள்களைப் புதிதாகப் பார்த்திருப்பார்கள்! பாட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமாக், தும்தாக் முழவுகளோடு மின்னணு இசைப்பெட்டியும் சேர்ந்த சந்தாலிப் பாட்டுகளை யூடியூபில் தேடிப் பார். பழைய பாட்டு கெட்டுப்போயிற்று என்று முகம் சுளிக்கும் வெளியூர்க்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளரும் பிள்ளை சந்தாலி பேசுகிறது. அது போதும் எனக்கு.

இன்னும் தீராத பெரிய சிக்கல் எழுத்துச் சண்டை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சந்தாலி பேசுவோர் 73 லட்சத்துக்கும் மேல். அவர்கள் ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா, பீகார், அசாம் என்று சிதறி இருக்கிறார்கள். ஜார்க்கண்டின் தும்காவில் ஒருவர் தேவநாகரியிலோ ரோமனிலோ படித்திருப்பார். மயூர்பஞ்சில் அவருடைய சம்பந்தி ஒல் சிக்கியில் படித்திருப்பார். நேரில் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றவரால் படிக்க முடியாது. எல்லை தாண்டினால் இன்னும் வருத்தம். வங்கதேசத்தில் 2017-இல் ஐந்து சிறுபான்மை மொழிகளில் அரசு பாடநூல் வெளியிட்டது. ரோமனா வங்க எழுத்தா என்று பெரியவர்கள் ஒத்துப்போகாததால் சந்தாலிக்கு அப்போது நூல் வரவில்லை. எழுத்தின் மானத்துக்காகப் போராடியதில் குழந்தைகளின் கையில் புத்தகமே இல்லாமல் போயிற்று. நான் ஒல் சிக்கியின் பக்கம்தான். ஆனால் ஒரு குழந்தை எந்த எழுத்தில் சந்தாலி படித்தாலும் அதைப் பிடுங்க மாட்டேன்.

மரபு என்ற பெயரில் வரும் எல்லாவற்றுக்கும் நீ தலையாட்டவும் வேண்டாம். தனித்து வாழும் விதவையைச் சூனியக்காரி என்று பட்டம் கட்டி அடித்து விரட்டும் கொடுமை அந்தப் பகுதியில் உண்டு. அவளுடைய துண்டு நிலம் பலமுறை அதற்குப் பின்னால் இருக்கும். ஜார்க்கண்டில் 2001-லும் ஒடிசாவில் 2013-லும் இதற்கெதிராகச் சட்டம் வந்தது. வழக்கப்படி பெண்ணுக்கு நிலத்தில் பங்கில்லை என்பதும் இதோடு சேர்ந்ததே. இவற்றைக் கேள்வி கேட்கும் பெண்கள் அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். நீ அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார். அவர்களுக்கு முன்னால் போய் நிற்காதே.

இனி உன் நூலகத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்குள் அந்த முப்பது எழுத்துகளையும் எழுதப் பழகிவிடு; ஒரு வாரம் போதும். சந்தாலிக்கு ஒடியாவோடும் உறவில்லை, தமிழோடும் உறவில்லை. முண்டாரி, ஹோ மொழிகளுக்கு உடன்பிறப்பு, கம்போடியாவின் கெமருக்குத் தூரத்துச் சொந்தம். ஆனாலும் நாம், நாங்கள் என்று நாம் பிரிப்பதைப்போல அவர்களும் பிரிப்பார்கள், அதற்கும் மேலே இருவருக்கென்று தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். அதில் தவறு செய்வாய், குழந்தைகள் திருத்துவார்கள். திருத்தவிடு. ஆசிரியைக்கே தாங்கள் சொல்லிக்கொடுத்தோம் என்ற பெருமையில் இன்னும் நெருங்கி வருவார்கள்.

அலமாரியை நாட்டுப்புறக் கதைகளால் மட்டும் நிரப்பாதே. பழங்குடி மொழி என்றாலே நரியும் பூதமும் வரும் கதைகள்தான் என்று வெளியிலிருந்து வருபவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். பிள்ளையோ தன் மொழியில் பழங்கதை மட்டும் இருப்பதைப் பார்த்து, அறிவியலும் கணக்கும் வேறு மொழியின் சொத்து என்று நினைத்துக்கொள்கிறது. சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது எப்படி, பாம்பு கடித்தால் என்ன செய்வது, நிலா ஏன் தேய்கிறது, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது எப்படி என்று சந்தாலியில் சிறு நூல்கள் செய்யுங்கள். பெரிய பிள்ளைகள் ஊராரிடம் கேட்டு எழுதட்டும். மாடு மேய்ப்பவரிடம் கேட்கட்டும், செவிலியரிடம் கேட்கட்டும். ஒரு சொல் கிடைக்காதபோது அவர்களே தகராறு செய்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தகராறில் நீ தீர்ப்புச் சொல்லாதே.

இன்னொன்றும் நினைவில் வை: பாஹா என்ற மலர்ப் பண்டிகை முடியும்வரை புதிய சால் பூவைப் பெண்கள் தலையில் சூட மாட்டார்கள். நீயும் காட்டில் பறித்து வைத்துக்கொள்ளாதே.

போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில் எனக்காக இரண்டு விஷயம் கவனித்து எழுது. கைக்குழந்தையைத் தாலாட்டும் அம்மாக்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள்? விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இரவு விளக்கணைத்த பிறகு எந்த மொழியில் கதையடிக்கிறார்கள்? ராய்ரங்பூர்க் கடைகளில் ஒல் சிக்கி அரிச்சுவடி கிடைத்தால் இரண்டு வாங்கி ஒன்றை எனக்கு அனுப்பு. என்னிடம் இருந்ததை யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை.

அன்புடன்,
பெரியப்பா