தாத்தாவின் காலில் ஏன் தையல்?

"டீச்சர், தாத்தாவுக்கு நெஞ்சில்தானே ஆப்பரேஷன்? காலில் ஏன் நீளமாகத் தையல்?"

படிவம் மூன்று மாணவி ஒருத்தி கேட்டாள். தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார்.

உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இதயத்தின் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை இதயத் தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து அடைத்தால் தசைக்கு ஆக்சிஜன் குறையும், நெஞ்சு வலிக்கும். பைபாஸில் அந்த அடைப்பைச் சுரண்டி எடுப்பதில்லை. அதைத் தாண்டி இன்னொரு குழாயைத் தைத்து மாற்றுவழி போடுகிறார்கள். மூன்று வழி போட்டால் மூன்று பைபாஸ்.

அந்தக் குழாய்க்காகத்தான் காலில் கத்தி வைத்தார்கள். காலின் நீண்ட சிரையை எடுத்தாலும் மற்றச் சிரைகள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். சிரைக்குள் ஒருவழி வால்வுகள் உண்டல்லவா? அதனால் அதைத் தலைகீழாகத் திருப்பித் தைப்பார்கள். 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் இம்முறையை வளர்த்தவர் அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோ.

நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் மார்புத் தமனியையும் பயன்படுத்துவார்கள். அதுவே நீண்ட நாள் உழைக்கும். சிரை குறைந்த அழுத்தத்திற்குப் பழகியது. தமனியின் வேலையைக் கொடுத்ததும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் அதன்மேல் மோதுகிறது. சுவர் தடிக்கிறது, கொழுப்பும் படிகிறது. பத்து ஆண்டுகளில் இத்தகைய சிரைகளில் ஏறக்குறையப் பாதி அடைபடுகின்றன. மார்புத் தமனியில் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும்.

1989 ஜனவரியில் பிரதமர் டாக்டர் மகாதீருக்குக் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் டாக்டர் யஹ்யா அவாங் குழுவினர் பைபாஸ் செய்தனர். வெளிநாடு போகாமல் இங்கேயே செய்துகொண்டது அன்று பெரிய செய்தி. 2007-இல் தேசிய இருதயக் கழகத்தில் மறுபடியும் பைபாஸ். 2018-இல், 92 வயதில், மீண்டும் பிரதமரானார்!

"அப்படியென்றால் தாத்தாவுக்குக் குணமாகிவிட்டதா?" என்றாள். வலி போனதும் மருந்தை நிறுத்திவிட்டாராம். சிகரெட்டும் திரும்பி வந்துவிட்டதாம். வழிதான் புதிது, நோய் பழையது என்றேன். இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் இருந்தால் அவற்றின் கட்டுப்பாடு, புகையை விடுதல்: புதுக் குழாய் எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டில் போய்ப் படம் வரைந்து காட்டினாளாம். மறுநாளே மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கிவிட்டார். சிகரெட்டுக்குப் பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.