வீட்டெண் இல்லா இல்லத்திற்கும் இணையம்

2020இல் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, இணையமில்லா வீட்டுப் பிள்ளைகளின் கல்வி தடைப்பட்டது. தோட்டக் குடியிருப்பில் சாலைப் பெயரோ வீட்டெண்ணோ இல்லையெனில், இணைப்புப் பெறுவது எவ்வாறு?

காஹாங்கின் அஞ்சல் குறியீடு 86700 வட்டாரத்தைக் காட்டுமேயன்றி வீட்டைக் காட்டாது. கைத்தொலைபேசி வரைபடத்தில் வீடிருக்குமிடத்தை அழுத்திப் பிடித்தால் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்கள் தோன்றும். இங்கு அவை 2, 103 எனத் தொடங்கும். புள்ளிக்குப்பின் நான்கு இலக்கம் எழுதினால், ஏறக்குறைய 11 மீட்டர் அளவில் வீடு துலங்கும். விண்ணப்பத்தில் இவற்றுடன் தோட்டம், பிரிவு ஆகியவற்றின் பெயர்களையும் குறிப்பிடுக. வீடு தோட்டத்திற்குரியதாயின் நிர்வாகியின் இசைவுக் கடிதத்தை முன்னரே பெறுக.

கம்பி எட்டாத இடத்திற்கு, 2023இல் மலேசியாவில் தொடங்கிய ஸ்டார்லிங்க் போன்ற துணைக்கோள் சேவை உண்டு. அதன் அலைவாங்கிக்குத் திறந்த வானம் வேண்டும். பால்மரக் கிளைகள் மறைத்தலாகாது.