பிறருக்குத் திறந்த கதவு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் பக் ஓ நீல். பேஸ்பால் ஆட்டத்தில் சிறந்து விளங்கிய போதிலும், நிறவேற்றுமையின் காரணமாக நாட்டின் முதன்மை அணிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே, கறுப்பின வீரர்களுக்கெனத் தனியே நடைபெற்ற தொடர்களில் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்காக ஆடினார்.

1947இல் ஜாக்கி ராபின்சன் முதன்மை அணியொன்றில் களமிறங்க, அத்தடை தகர்ந்தது. அப்போது ஓ நீலுக்கு வயது 35. ஆடும் பருவம் கடந்துகொண்டிருந்தது. ஆயினும் அவர் மனம் கசக்கவில்லை. மறு ஆண்டே மோனார்க்ஸ் அணியின் மேலாளராகி, இளையோரை உருவாக்கினார். பின்னர், சிகாகோ கப்ஸ் அணிக்காக ஊர்தோறும் சென்று திறமையாளர்களைக் கண்டறிந்தார். அவ்வாறு அவர் கண்டெடுத்தவரே புகழ்பெற்ற லூ பிராக். 1962இல் அவ்வணியின் பயிற்றுநராகி, முதன்மை அணிகளில் அப்பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் சிறப்பைப் பெற்றார்.

2006இல் பேஸ்பால் புகழ்மன்றத்திற்குக் கறுப்பினத் தொடர்களைச் சார்ந்த 17 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஓ நீல் இல்லை. எனினும், 94 வயதில் விழாமேடையேறி, அவர்களைப் போற்றி மகிழ்ந்து உரையாற்றினார். அவ்வாண்டு அக்டோபரில் மறைந்தார். அவர் காணாத அப்பெருமை, 2022இல் அவர் பெயரைத் தேடி வந்தது.